ஒற்றைக் கம்மலும் ரப்பர் கொட்டைகளும்

விருந்தாளியை ஒரு வாரம் முழுக்க வாசலிலேயே நிற்க வைப்பது எந்த ஊர் மரியாதை என்று, போன இதழ் வந்த மறுநாளே வாசகிகள் சிலர் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் ஸ்ரீமதியின் இடத்தில் நின்று பாருங்கள். உங்களுக்கும் கால் நகர்ந்திருக்காது.

பென்னலூர் வீட்டில் அன்று கன்னிப் படையல். பதிமூன்று வயதில் ஏரியில் மூழ்கிப்போன மூத்த பெண் மஞ்சுளாவுக்கு ஒவ்வோர் ஆடியிலும் நடப்பது. புதுப் பாவாடை, ரிப்பன், கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் முறத்தில் வைத்து, செத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அம்மா சாரதா, "மஞ்சுளா, வா கண்ணு" என்று கூப்பிட்டு வாயை மூடவில்லை, வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது.

"மஞ்சுளா வீடு இதுதானே?"

அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

வாசலில் நின்றவளுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். காதோரம் நரை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பின்னால் ஒரகடத்து ஹோட்டல் ஒன்றின் கார். பேய் பிசாசு கார் பிடித்து வராது என்று ஸ்ரீமதியின் மூளைக்குத் தெரிந்தது. கைகளுக்குத் தெரியவில்லை. அவை நிலைக்கதவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"நீங்க யாரு?"

"சந்திரலேகா. மலேசியாவிலேர்ந்து வரேன். சின்ன வயசுல மஞ்சுளாவும் நானும் பேனா நண்பர்கள். இங்கே ஒரகடத்துல ஒரு ஃபேக்டரியைச் செக் பண்ண எங்க ஆபீஸ்ல அனுப்பினாங்க. இவ்வளவு கிட்ட வந்துட்டு அவளைப் பார்க்காம போனா எப்படி? டீக்கடையில அவ அப்பா பேரைச் சொல்லிக் கேட்டேன், வரதராஜுலு வீடுன்னு இதைக் காட்டினாரு. மஞ்சுளா இருக்காளா, இல்லே கட்டிக்குடுத்த ஊர்ல இருக்காளா?"

டீக்கடைக்காரர் தென்காசியிலிருந்து வந்து கடை போட்டவர். அவருக்கு வரதராஜுலுவைத் தெரியும். மஞ்சுளாவைத் தெரிய வழியில்லை.

ஸ்ரீமதி பதில் தேடுவதற்குள் சாரதா வெளியே வந்துவிட்டாள். தலைக்குக் குளித்த ஈரம் முதுகில் சொட்டியது. வந்தவளையே பார்த்தாள். மகள் இருந்திருந்தால் இந்த வயசு, இந்த நரை, இந்த உடம்பு. அந்தக் கணக்கை அவள் மனசு போட்டது முகத்தில் தெரிந்தது. பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் இரண்டு காதுகளையும் தடவிப் பார்த்தாள்.

"உள்ள வாம்மா" என்றாள்.

காதைத் தடவிப் பார்ப்பது அந்த வீட்டில் முப்பது வருஷத்துக்கும் மேலான வழக்கம். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் ஸ்ரீமதிக்கு, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும், வாசலில் இந்தச் சோதனை உண்டு. ஏனென்றால் ஏரியிலிருந்து எடுத்துவந்த மஞ்சுளாவுக்கு ஒரு காதில்தான் கம்மல் இருந்தது.

எடுத்துவந்தவர் பிச்சையா, வரதராஜுலுவின் ஒரே தம்பி. சேற்றில் குதித்து, முங்கித் தேடி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். இறக்கிக்கூட வைக்கவில்லை, கூட்டத்துக்கு நடுவில் அண்ணன் கேட்டார்: "காதுல கம்மல் எங்கடா?"

அந்த ஒரு கேள்வி போதும். தம்பிக்குக் குடிப்பழக்கம் இருந்தது. போதாததற்கு, மஞ்சுளாவின் ஜாமெட்ரி பாக்ஸில் புள்ளி போட்ட பழுப்புக் கொட்டைகள் சில கிடைத்தன. ஊரில் யாருமே பார்த்திராத கொட்டைகள். குறி சொல்கிறவர் அதைக் கையால் தொடாமலே, "செய்வினை, ரத்த சம்பந்தம் வச்சது" என்றார். பொணத்துக் காதில் கழற்றியவன் என்ற பேரோடு பிச்சையா ஊரை விட்டுப் போனார். அவருக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை.

தூரமாகவும் போகவில்லை, அதுதான் கொடுமை. ஒரகடம் ரோட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் இப்போது அவர் செக்யூரிட்டி. ஸ்ரீமதியின் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகும். பஸ்ஸைக் கண்டதும் அவர் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். எந்த ஜன்னலில் அவள் உட்கார்ந்திருந்தாலும் சரியாக அந்த ஜன்னலைப் பார்ப்பார். அவள் உடனே போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

சந்திரலேகா உள்ளே வந்து படையலைப் பார்த்தாள். முறத்தில் சின்னப் பாவாடையைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தாள்.

"இது..."

"அக்காதான்" என்றாள் ஸ்ரீமதி. "ரொம்ப வருசம் ஆச்சுங்க. ஏரியில."

சந்திரலேகா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சுளாவின் முகத்தை அவள் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்பது ஸ்ரீமதிக்குப் பிறகுதான் உறைத்தது.

"என் மேல கோபம்னு நினைச்சேன்" என்றாள் சந்திரலேகா. "திடீர்னு பதிலே வரலை. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம எஸ்டேட் லயத்து வீட்டுல உட்கார்ந்து அழுவேன். எங்கம்மாகூட, விடுடி, அந்தப் பொண்ணு பெரிய மனுஷி ஆயிருப்பா, எழுத விடமாட்டாங்கன்னு சொல்வாங்க. இத்தனை வருஷமும் அவ என்னை மறந்துட்டான்னே..."

உள்ளறையிலிருந்து வரதராஜுலு வந்தார். எழுபத்திரண்டு வயது, இன்னும் நிமிர்ந்த முதுகு. வந்தவளுக்கு நாற்காலி காட்டினார். எல்லாம் முறையாகத்தான் செய்தார்.

"எங்க பொண்ணு மலேசியாவுக்கு எழுதினாளா? எங்களுக்குத் தெரியாதே."

"ஸ்கூல் விலாசத்துக்குத்தான் அப்பா நான் எழுதுவேன். சிறுவர் பத்திரிகையில பேனா நண்பர் பகுதி வரும், அதுல அவ பேரைப் பார்த்து எழுத ஆரம்பிச்சேன். சும்மா எழுதறதோட சரி இல்லே. என்னமாச்சும் வச்சு அனுப்புவோம். அவ வேப்பிலை, மயிலிறகு, ஒரு தடவை காஞ்சிபுரம் பட்டு நூல் துண்டு. எங்கிட்ட அனுப்ப என்ன இருக்கு? பால்மரக் காட்டுல பொறுக்கின ரப்பர் கொட்டைதான்."

சாரதா விபூதித் தட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னா கொட்டைன்னே?"

"ரப்பர் கொட்டை அம்மா. பழுப்பா, புள்ளி புள்ளியா, வழவழன்னு இருக்கும். பார்த்திருக்க மாட்டீங்க."

சாரதாவும் ஸ்ரீமதியும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்ரீமதி ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். மூலையில் ஒரு பித்தளைச் சொம்பு, வாய் கட்டி, மேலே மஞ்சள் துணி. தூக்கிப் போட்டால் திரும்பி வரும், எரித்தால் குடும்பத்தில் இன்னொரு உயிர் போகும் என்று குறிகாரர் சொன்னதால் முப்பது வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்த சொம்பு. சின்ன வயசில் பரணுக்குக் கீழே படுக்கச் சொன்னால் ஸ்ரீமதிக்குக் காய்ச்சல் வரும். கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட அந்தச் சொம்பு உருண்டு தன் தலைமாட்டில் வந்து நிற்பதாகக் கனவு கண்டாள்.

சொம்பைக் கீழே இறக்கித் துணியை அவிழ்த்தாள். கொட்டைகள் தரையில் உருண்டன.

"ஐயோ, பத்திரமா வச்சிருக்கீங்களே!" என்றாள் சந்திரலேகா. அவளுக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவள் ஒரு கொட்டையை எடுத்தாள். சிமென்ட் தரையில் வைத்துச் சரசரவென்று தேய்த்தாள். பிறகு சட்டென்று ஸ்ரீமதியின் மணிக்கட்டில் ஒற்றினாள். ஸ்ரீமதி கையை இழுத்துக்கொண்டாள். சுட்டது.

"அவ்வளவுதான் லா இது" என்றாள் மலேசியப் பேச்சில். "எஸ்டேட் பிள்ளைங்க விளையாட்டு. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குச் சூடு வைப்போம். நீயும் உன் தங்கச்சிக்கு வைன்னு எழுதினேன்."

ஸ்ரீமதி மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அக்கா சாவதற்குச் சில நாள் முன்பு தூங்கிக்கொண்டிருந்த தன் கையில் ஏதோ சுட்டு, அலறி எழுந்ததும், அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அது கனவு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். அக்கா சிரித்த சிரிப்பு, முப்பது வருஷம் சொம்புக்குள் கட்டிக் கிடந்திருக்கிறது.

"செய்வினைன்னு சொன்னானே அந்தக் குறிகாரப் பாவி" என்றாள் சாரதா. "பிச்சையா வச்சதுன்னு சொன்னானே."

"அதெல்லாம் பழைய கதை, இப்ப எதுக்கு" என்றார் வரதராஜுலு. "வந்தவங்களுக்கு எதனா சாப்பிடக் குடு."

சந்திரலேகா கைப்பையைத் திறந்தாள்.

"நான் சாப்பிட வரலைப்பா. ஒண்ணைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாசம் பிறந்த நாள். கடைசியா அவ எனக்கு அனுப்பினதைப் பார்த்து எங்கம்மா பயந்துட்டாங்க. தங்கம்டி, பெரியவங்களுக்குத் தெரியாம குடுத்திருக்கா, திருப்பி அனுப்பிடுன்னாங்க. தபால்ல அனுப்பினா தொலைஞ்சிடும்னு நான் வச்சுக்கிட்டேன். ஆளுக்கு ஒண்ணு போட்டுக்குவோம், நேர்ல பார்க்கிற அன்னைக்கு ஜோடி சேர்ப்போம்னு எழுதியிருந்தா."

பஞ்சில் சுற்றிய ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்துப் பிரித்தாள்.

சிவப்புக்கல் கம்மல். ஓரத்தில் ஒரு கல் விழுந்த குழி.

சாரதா எழுந்து, முறத்துக்குப் பக்கத்தில் இருந்த படையல் கூடைக்குள் கையை விட்டாள். மகளின் காதிலிருந்து தன் கையாலேயே கழற்றி, வருஷா வருஷம் மஞ்சள் நீரில் கழுவி வைக்கும் அந்த மற்றதை எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். அவள் தாய்வீட்டுக் கம்மல். ஜோடி சேர்ந்துவிட்டது.

"எம்பொண்ணு காதுல யாரும் கைய வைக்கல" என்றாள். "யாரும் வைக்கல."

ஸ்ரீமதிக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான் கண்ணில் வந்தது. பஸ்ஸைப் பார்த்து எழுந்து நிற்கும் அந்த மனிதர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், போனிலிருந்து தலையைத் தூக்கியிருக்கலாம்.

"மோட்டார் ஓடுது. நிறுத்திட்டு வரேன்" என்று வரதராஜுலு எழுந்தார்.

மோட்டார் ஓடவில்லை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை.

சந்திரலேகாவுக்கு இந்த வீட்டின் கதை எதுவும் தெரியாது. அவள் கம்மலையே பார்த்துக்கொண்டு பேசினாள். "எனக்கு அப்பவே பயம்தான். வீட்ல கேட்டா என்னடி சொல்வேன்னு நினைச்சேன். அதையும் அவளே எழுதியிருந்தா. கவலைப்படாதே, திருகு கழண்டு ஏரியில விழுந்துடுச்சுன்னு சொல்லிடுவேன்னு."

வரதராஜுலு பின்கட்டு வாசற்படியில் நின்றுவிட்டார். திரும்பவில்லை.

சாரதா மெதுவாகக் கேட்டாள். "ஏரியில விழுந்துடுச்சுன்னு சொல்றேன்னாளா? எங்கிட்ட சொல்லலியே. நான் அப்ப ஆத்தா வூட்ல இருந்தேன். சேதி கேட்டுத்தான் ஓடியாந்தேன்."

எனக்கு ஒன்பது வயது, என்னிடம் எதற்குச் சொல்லப் போகிறாள் என்று ஸ்ரீமதி நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் பின்கட்டுப் பக்கம் திரும்பினாள். அன்று வீட்டில் இருந்த பெரியவர் ஒருவர்தான்.

"நைனா" என்றாள்.

முதுகு அசையவில்லை.

"நைனா, அக்கா உங்கிட்ட சொன்னாளா?"

தெருவில் ஏதோ கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, சுவரிடமே சொல்வதுபோலச் சொன்னார்.

"சொன்னா. கம்மல் ஏரியில விழுந்துடுச்சு நைனான்னா. கோவம் வந்துச்சு. போய்த் தேடி எடுத்துக்கினு வா, அது இல்லாம வூட்டுப் படி ஏறாதன்னேன்."

இன்னொன்றும் சொன்னார்.

"சும்மா மெரட்டுனேன். கரையோரமா நின்னு பாத்துட்டு வந்துருவான்னு நெனச்சேன்."

ஏரியில் இல்லாத ஒன்றைத் தேடத்தான் அந்தக் குழந்தை தண்ணீரில் இறங்கியிருக்கிறது. தேடுவதுபோல் அப்பாவுக்குக் காட்ட வேண்டும், அதற்காக. இதை எழுதும்போது எனக்கே பேனா ஓடவில்லை, பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

"அப்ப கம்மல் முன்னாடியே இல்லன்னு ஒனக்குத் தெரியும்" என்றாள் ஸ்ரீமதி. அப்பாவிடம் அவள் இப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. "தெரிஞ்சும் அத்தினி பேரு முன்னால சித்தப்பாவைக் கேட்டியா? கம்மல் எங்கடான்னு கேட்டியே நைனா!"

"வாயில வந்துடுச்சும்மா. எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. ஏன் ஏரிக்குப் போனா, ஏன் போனான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. அதைக் கேட்டதும் எல்லாரும் அவன் பக்கம் திரும்பிட்டாங்க." அவர் முதுகு இப்போது வளைந்திருந்தது. "அப்பறம் எப்டி திருப்பறதுன்னு தெரியல."

சாரதா அழுவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று ஸ்ரீமதி பயந்தாள். சாரதா அழவில்லை. ஜோடிக் கம்மலில் ஒன்றைத் திரும்பக் கூடைக்குள் வைத்தாள். மலேசியாவுக்குப் போய் வந்த மற்றதை எடுத்துக்கொண்டு புருஷனிடம் போனாள். அவர் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, அதில் வைத்து மூடினாள்.

நாற்பத்தேழு வருஷத்தில் "வாங்க போங்க" தவிர அவரை வேறு விதமாக அவள் பேசியதில்லை.

"போ" என்றாள். "போய்த் தேடி இட்டுக்கினு வா. அவன் இல்லாம வூட்டுப் படி ஏறாத."

அவர் செருப்பைக்கூட மறந்து வாசலுக்கு வந்தார். வெயிலில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர்போல நின்றார். தம்பி எங்கே வேலை செய்கிறார் என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

சந்திரலேகா அவர் செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டாள். அவளுக்குப் பாதி புரிந்திருந்தது, மீதியைக் கேட்கவில்லை. "கார் இருக்கு, ஏறுங்கப்பா" என்றாள்.

வழியெல்லாம் லாரிகளும் கார் ஏற்றிய டிரெய்லர்களும் எதிரில் வந்தபடி இருந்தன. கம்பெனி மதில்களுக்கு நடுவில் ஓர் இடத்தில் ஏரியின் மிச்சம் தெரிந்தது. வரதராஜுலு முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரீமதிதான் டிரைவருக்கு இடம் சொன்னாள். தினமும் பார்க்காமல் இருந்தே அவளுக்கு அந்த இடம் அவ்வளவு மனப்பாடம்.

ஷிப்ட் மாறும் நேரம். ஹாஸ்டல் வாசலில் பஸ் ஒன்று பெண்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது. திருநெல்வேலிப் பேச்சும் சிரிப்புமாக அவர்கள் உள்ளே போக, நீலச் சட்டை போட்ட பிச்சையா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்து, கருத்து, தலை முழுக்க வெள்ளை.

ஸ்ரீமதி காரிலிருந்து இறங்கினாள். அவர் அவளைப் பார்த்தார். முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு முன் கதவு திறந்து அண்ணன் இறங்குவதையும் பார்த்தார்.

வரதராஜுலு சாலையைக் கடந்து போய்த் தம்பிக்கு எதிரில் நின்றார். மூடிய கையை நீட்டினார். விரல்கள் திறக்கவே நேரம் பிடித்தது. சிவப்புக்கல் வெயிலில் மின்னியது.

பிச்சையா கம்மலைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, தெரியாமல் எப்படிப் போகும்! ஆனால் தொடவில்லை. தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

வரதராஜுலு கம்மலோடு கையை மூடிக்கொண்டார்.

"எந்தம்பிய."

ஸ்ரீமதி காரின் பக்கத்திலேயே நின்றாள். சித்தப்பா கேட்டைத் திறப்பாரா, முகத்தில் அடிப்பாரா, எதுவானாலும் நியாயம் என்றே அவளுக்குத் தோன்றியது.

பிச்சையா இரண்டும் செய்யவில்லை. உள்ளே போய்த் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்தார். கேட்டுக்கு வெளியே, புங்க மர நிழலில் போட்டார். தோளில் கிடந்த துண்டால் அதன் மேல் இருந்த தூசியைத் தட்டினார்.

"லேடீஸ் ஹாஸ்டல் சார். ஆம்பளைங்களை உள்ள வுட மாட்டோம்" என்றார். "நீங்க சொல்றவருக்கு ட்யூட்டி முடிய இன்னும் நேரம் கீது."

கேட்டைச் சாத்தி, உள்பக்கம் நின்று, ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வரதராஜுலு நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஸ்ரீமதி வந்து, "நைனா, ஒக்காரு" என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். தம்பி இல்லாமல் திரும்பிப் போக அவருக்கு இப்போது வீடு இல்லை.